23 பாகைச் சரிவில் பனி சரியுமா?

1959 ஜனவரி மாத இறுதியில் பத்து நண்பர்கள் யூரல் மலைத்தொடரின் வடபகுதிக்குப் பனிச்சறுக்குப் பயணம் புறப்பட்டார்கள். அப்போது அது சோவியத் யூனியன். பெரும்பாலோர் யூரல் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்கள், அல்லது அங்கே படித்து முடித்த இளம் பொறியாளர்கள். தலைவர் ஈகோர் தியாத்லோவுக்கு வயது 23. வழியில் உடல்நலம் சரியில்லாமல் ஒருவர் திரும்பிவிட்டார். மீதி ஒன்பது பேரும் பிப்ரவரி 1ஆம் தேதி மாலை, மரங்களே இல்லாத ஒரு மலைச்சரிவில் கூடாரம் அடித்தார்கள். அவர்களில் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை.

பிப்ரவரி 26ஆம் தேதி தேடிச் சென்றவர்கள் கூடாரத்தைக் கண்டார்கள். துணி உள்பக்கத்திலிருந்து கத்தியால் கிழிக்கப்பட்டிருந்தது. காலணிகளும் மேலாடைகளும் உள்ளேயே கிடந்தன. காலடித் தடங்கள் கீழே காட்டை நோக்கிச் சென்றன. ஆறு பேர் கடுங்குளிரால் இறந்ததாகவும், மூவர் பலத்த உள்காயங்களால் இறந்ததாகவும் மருத்துவப் பரிசோதனை கூறியது. வெல்ல முடியாத ஓர் இயற்கை விசையே காரணம் என்று ஒரே வரியில் எழுதி, விசாரணையை முடித்துவிட்டார்கள்.

இந்தக் கதையை யூடியூப்பில் பார்த்த மாணவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். வேற்றுக்கிரக வாசிகள், பனிமனிதன், இரகசிய ஆயுதம் என்று பின்னணி இசையோடு சொல்லியிருப்பார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் உங்களைவிட ஐந்தாறு வயது மூத்த அண்ணன்மார், அக்காமார். அவர்களின் முடிவைப் பேய்க்கதை ஆக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட முக்கியமாக, அந்தக் காணொளிகள் ஒரு நல்ல இயற்பியல் கேள்வியை நம்மிடமிருந்து மறைத்துவிடுகின்றன. பனிச்சரிவு என்ற விளக்கம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அதை ஏற்காதவர்கள் சொன்ன காரணங்களும் நியாயமானவையே. அந்த இடத்தின் சராசரிச் சாய்வு சுமார் 23 பாகைதான், அங்கே எப்படிப் பனி சரியும்? சரிந்திருந்தால் அதன் அடையாளம் எங்கே? கூடாரம் அடிக்கச் சரிவை வெட்டியதுதான் காரணம் என்றால், பனி ஏன் உடனே விழாமல் பல மணி நேரம் கழித்து விழுந்தது? பனிச்சரிவில் சிக்குபவர்கள் பெரும்பாலும் மூச்சுத் திணறித்தான் இறப்பார்கள், இவர்களுக்கு மட்டும் எப்படி விலா எலும்புகள் உடைந்தன?

இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதைப் புரிந்துகொள்ள முதலில் பனியைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். நம் நாட்டில் பனியைப் பார்க்க வழியில்லை. ஐஸ் காச்சாங் கிண்ணமும் பழைய குளிர்பதனப் பெட்டியும் இருந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

மூழ்காமல் நடப்பது எப்படி?

பையோடு சேர்த்து 80 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் ஆழமான பனியில் நடக்கிறார். அவரது எடை ஏறத்தாழ 800 நியூட்டன். ஒரு காலை ஊன்றும்போது காலணியின் பரப்பளவு சுமார் 0.025 சதுர மீட்டர். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுப்பது. 800ஐ 0.025ஆல் வகுத்தால் 32,000 பாஸ்கல். புதுப்பனி இதைத் தாங்காது. கால் முழங்கால்வரை இறங்கிவிடும். இப்போது அதே மனிதர் 190 சென்டிமீட்டர் நீளமும் 7 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சறுக்குப் பலகையில் நிற்கட்டும். பரப்பளவு 0.133 சதுர மீட்டர், அழுத்தம் சுமார் 6,000 பாஸ்கல். ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்துவிட்டது. பள்ளியில் 'தெக்கானான்' என்று மலாயில் படிப்பது இதைத்தான்.

மூழ்காவிட்டால் மட்டும் போதாது, மேட்டில் ஏறவும் வேண்டும். வழுக்கும் பலகையில் ஏறுவது எப்படி? அந்த வட்டாரத்தின் பூர்வகுடிகளான மான்சி மக்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். பலகையின் அடியில் காட்டுமானின் கால்தோலை, மயிர் பின்னோக்கிச் சாயும்படி ஒட்டுவார்கள். முன்னே தள்ளும்போது மயிர் படிந்து வழுக்கும். பின்னே நழுவப் பார்த்தால் மயிர் நிமிர்ந்து பனியில் குத்திக்கொள்ளும். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்கும், பிறகு வாலிலிருந்து தலைக்கும் தடவிப் பாருங்கள் (அது விட்டால்). ஒரே பரப்பு, ஒரு திசையில் உராய்வு குறைவு, எதிர்த் திசையில் அதிகம். இன்று ஆல்ப்ஸ் மலையில் ஏறுபவர்கள் பலகையடியில் ஒட்டும் பட்டையும் இதே தத்துவம்தான். ஆட்டு மயிரிலோ நைலானிலோ அதைச் செய்கிறார்கள்.

அடுக்கடுக்காக ஒரு மலை

மலையில் கிடக்கும் பனி ஒரே பொருள்போலத் தெரியும். வெட்டிப் பார்த்தால் அடுக்கு கேக்கைப் போல இருக்கும். ஒவ்வொரு பொழிவும் ஒவ்வொரு காற்றும் ஓர் அடுக்கைச் சேர்க்கின்றன. எல்லா அடுக்கும் ஒரே அளவு உறுதியானவை அல்ல.

ஐஸ் காச்சாங் துருவலைக் கையில் எடுத்தால் உதிரும். கொஞ்ச நேரம் உறைபெட்டியில் வைத்துவிட்டு எடுங்கள், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருக்கும். உருகாமலேயே இது நடக்கும். பனித்துகள்கள் தொடும் இடங்களில் சிறு கழுத்துபோன்ற பிணைப்புகள் வளர்கின்றன. துகள்கள் சிறியவையாகவும் நெருக்கமாகவும் இருந்தால் பிணைப்புகளும் அதிகம். மலைக்காற்று செய்வது இதைத்தான். விண்மீன் வடிவப் படிகங்களை உருட்டி உடைத்துப் பொடியாக்கி, மேட்டின் மறைவான பக்கத்தில் கொண்டுபோய் நெருக்கி அடுக்குகிறது. சில மணி நேரத்தில் அது இறுகி ஒரு பாளம் ஆகிவிடும். கன மீட்டருக்கு 300, 400 கிலோகிராம்கூட இருக்கும்.

அடியில் நடப்பது இதற்கு நேர்மாறு. மேலே காற்று உறைநிலைக்கு 30 பாகை கீழே. தரையோ பனிப்போர்வையின் கீழ் ஏறத்தாழ 0 பாகையில் கதகதப்பாக இருக்கிறது. ஆமாம், மலைக்கு அது கதகதப்புத்தான். அடிப்பனியிலிருந்து நீராவி மேலே போகிறது. போகிற வழியில் குளிர்ந்த துகள்கள் மேல் படிந்து, பெரிய, பட்டை தீட்டியது போன்ற படிகங்களாக வளர்கிறது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெப்பநிலை 10 பாகைக்கு மேல் மாறினால் இது நடக்கத் தொடங்கும். பழைய உறைபெட்டியில் மறந்துபோன மீன் பொட்டலத்துக்குள் ஊசி ஊசியாக வளர்ந்திருக்கும் படிகங்கள் இவற்றின் உறவினர்தாம். இந்தப் படிகங்களுக்கிடையே பிணைப்பு மிகக் குறைவு. கையில் அள்ளினால் சீனிபோல ஓடும்.

ஆக, கீழே சீனி, மேலே இறுகிய பாளம். ஆபத்து பாளத்திலும் இல்லை, சீனியிலும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்று இருப்பதில்தான் இருக்கிறது. சீனி அடுக்கு ஓரிடத்தில் நொறுங்கினால், பாளம் அந்தச் சுமையைப் பக்கத்துப் படிகங்கள் மேல் ஏற்றுகிறது, அவையும் நொறுங்குகின்றன. விரிசல் அடுக்கு முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். சமதளத்தில் நின்றால் 'வும்ப்' என்ற அமுங்கிய ஓசை மட்டும் கேட்கும். சரிவாக இருந்தால் பாளம் முழுவதும் கிளம்பிவிடும்.

ஐந்து பாகையின் விலை

எந்தச் சரிவில் கிளம்பும்? ஐந்தாம் படிவ இயற்பியலில் விசையைக் கூறுகளாகப் பிரிக்கும் பாடம் வரும். சாய்தளத்தில் உள்ள ஒரு பொருளின் எடையை இரண்டாகப் பிரிக்கிறோம். ஒரு கூறு சரிவின் வழியே கீழே இழுக்கிறது. மற்றது தளத்துக்குச் செங்குத்தாக அழுத்துகிறது. 100 கிலோகிராம் பனிப்பாளத்தின் எடை 1,000 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். சாய்வு 23 பாகையானால் கீழே இழுக்கும் கூறு 390 நியூட்டன். 28 பாகையானால் 470 நியூட்டன். வெறும் ஐந்து பாகை வேறுபாட்டுக்கு இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. அதே சமயம் தளத்தை அழுத்தும் கூறு குறைவதால், பிடித்து நிறுத்தும் உராய்வும் குறைகிறது. இரண்டு பக்கமும் நட்டம்.

மலையேறுபவர்கள் 30 பாகையை எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறைந்த சரிவுகளில் பாளம் கிளம்புவது அரிது. பெரும்பாலான விபத்துகள் 30க்கும் 45க்கும் இடைப்பட்ட சாய்வில் நடக்கின்றன. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி சேரச் சேரவே சிறுசிறிதாக உதிர்ந்துவிடும். தியாத்லோவின் குழு அனுபவமுள்ள குழு. கண்ணுக்குச் சாதுவாகத் தெரிந்த சரிவைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

2021 ஜனவரியில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோஹான் கோம், அலெக்சாண்டர் புஸ்ரின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த விபத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். முன்னவர் பனி இயக்கவியலில் வல்லுநர், பின்னவர் மண் இயக்கவியலில். அவர்கள் முதலில் கைவைத்தது அந்த 23 பாகையில். அது சராசரிதான். அந்த மலைமுகம் உண்மையில் படிக்கட்டுபோல ஏறி இறங்குகிறது. கூடாரத்துக்குச் சற்று மேலே உள்ள பகுதியின் சாய்வு 28 பாகை. பள்ளங்களைப் பனி நிரப்பி மட்டமாக்கிவிட்டதால் மேலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. பலவீனமான அடுக்கோ அடியில் உள்ள நிலத்தின் உண்மையான சாய்வையே பின்பற்றிக் கிடக்கும். கணக்குப் பாடத்தில் சராசரி என்ற சொல்லைக் கண்டதும் நிம்மதி அடையும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏன் உடனே விழவில்லை?

கூடாரம் அடிக்க அவர்கள் சரிவைக் குறுக்காக வெட்டி ஒரு திட்டு அமைத்தார்கள். காற்றுக்கு மறைவாகவும் படுக்கச் சமமாகவும் இருக்கும், குளிர்காலப் பயணிகள் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால், மேலே உள்ள பாளத்தைக் கீழிருந்து தாங்கிய பகுதி அதனால் போய்விட்டது. அடுக்கிவைத்த அரிசி மூட்டைகளில் கீழ் வரிசையிலிருந்து ஒன்றை உருவியதுபோல. மூட்டைகள் அப்போதே விழ வேண்டும் என்பதில்லை.

இரவில் அந்த மலையில் பலத்த காற்று வீசியது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது, அதனால் மலையுச்சியிலிருந்து தண்ணீர்போலக் கீழ்நோக்கி வழியும். வானத்திலிருந்து ஒரு துகள் பனி விழாவிட்டாலும், அந்தக் காற்று மேலே கிடக்கும் பனியை வாரிக்கொண்டு வந்து கூடாரத்துக்கு மேலே உள்ள திருப்பத்தில் போட்டுக்கொண்டே இருந்திருக்கும். பாளத்தின் சுமை மணிக்கு மணி ஏறுகிறது. பிடித்து நிறுத்தும் வலிமையோ அதே வேகத்தில் ஏறவில்லை. இரண்டும் சமமாகும் கணத்தில் பாளம் உடைகிறது. கோமும் புஸ்ரினும் அமைத்த கணித மாதிரி, வெட்டியதற்கும் சரிந்ததற்கும் இடையே பல மணி நேரம் கழியக்கூடும் என்று காட்டியது. இந்தப் பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தாமதம் என்பதைப் பனிச்சரிவுக்கு எதிரான சான்றாகப் பலர் நினைத்தார்கள். காற்றையும் கணக்கில் சேர்த்ததும் தாமதமே எதிர்பார்க்க வேண்டியதாகிவிட்டது.

அடுத்தது எலும்பு முறிவு. இங்கே ஒரு திரைப்படம் உதவிக்கு வந்தது. 'ஃப்ரோசன்' பார்த்திருப்பீர்கள். அதில் பனி உருள்வதும் நொறுங்குவதும் மிகவும் இயல்பாக இருப்பதைக் கண்டு வியந்த கோம், அதை உருவாக்கியவர்களைத் தேடி ஹாலிவுட்டுக்கே போனார். படத்துக்காக எழுதப்பட்ட கணினி முறையைத் தம் ஆய்வுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். பனிப்பாளம் மோதினால் மனித உடலுக்கு என்ன ஆகும் என்பதற்குத் தரவு? அது கார் தொழிலிலிருந்து வந்தது. இருக்கை வார் பாதுகாப்பானதா என்று அறிய 1970களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இறந்தவர்களின் உடல்களைக் கொண்டு மோதல் சோதனைகள் நடத்தியிருந்தது. அந்த அளவீடுகளைப் பயன்படுத்தினார்கள்.

பெரிய பனிச்சரிவு தேவைப்படவில்லை. ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரு சிறு பாளமே போதுமானதாக இருந்தது. அரை கன மீட்டர் இறுகிய பனி என்றால் 200 கிலோகிராம். குழுவினர் சறுக்குப் பலகைகளைக் கூடாரத்தின் அடியில் பரப்பி, அவற்றின் மேல் படுத்திருந்தார்கள். மென்மையான பனியில் படுத்திருந்தால் உடல் சற்று அமுங்கிக் கொடுத்திருக்கும். அடியில் கடினமான பலகைகள் இருந்ததால், விலா எலும்புகளே முழு அடியையும் வாங்கின. மாதிரியின்படி காயம் பலமானது, ஆனால் உடனே உயிரைப் பறிக்காது. கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறவும், காயமுற்றவர்களை நண்பர்கள் கீழே கூட்டிச் செல்லவும் நேரம் இருந்ததற்கு இது பொருந்துகிறது.

சிறு சரிவு என்பதால் அடையாளம் மறைந்ததும் விளங்குகிறது. தேடியவர்கள் வந்தது மூன்றரை வாரம் கழித்து. அதற்குள் காற்று எல்லாவற்றையும் மூடியிருக்கும். கட்டுரை வந்த பிறகு அந்தப் பகுதிக்குச் சென்ற பயணக் குழுக்கள், அங்கே பாளங்கள் சரிந்த தடங்களைப் படம் பிடித்தன. அந்தத் தடங்களைக் காற்று விரைவிலேயே அழித்துவிட்டது என்பதும் பதிவாயிற்று.

காட்டுக்கு ஏன் போனார்கள்?

மேலும் பனி விழலாம் என்ற அச்சத்தில், இருட்டில், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் கீழே இருந்த காட்டுக்கு அவர்கள் நடந்தார்கள். அன்றிரவு குளிர் உறைநிலைக்கு 25 பாகைக்கும் கீழே. அத்தகைய குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்தால், திறந்த தோலுக்கு அது உறைநிலைக்கு 39 பாகை கீழே உள்ள அமைதியான குளிருக்குச் சமம். உடலைச் சுற்றி நாம் சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தைக் காற்று ஓயாமல் துடைத்துச் செல்வதே காரணம். காட்டில் காற்று குறைவு, விறகும் உண்டு. ஒரு மரத்தடியில் தீ மூட்டியிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, பனியில் பள்ளம் தோண்டிக் கிளைகளைப் பரப்பியிருந்தார்கள். மூவர் கூடாரம் இருந்த திசையில் பாதி வழியில் கிடந்தார்கள். திரும்பிப் போக முயன்றிருக்க வேண்டும். இறந்துபோன நண்பர்களின் உடைகளைக் கழற்றி, உயிரோடிருந்தவர்கள் காயமுற்றவர்களுக்கும் தங்களுக்கும் போர்த்தியிருந்தார்கள். சில உடல்களில் ஏன் உடை இல்லை என்று காணொளிகள் கிசுகிசுப்பதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. சில உடைகளில் கதிரியக்கத் தடயம் இருந்ததாக அன்றைய பரிசோதனையில் பதிவாகியுள்ளது; பனிச்சரிவு அதை விளக்காது. கூடாரத்தை விட்டு வெளியேறிய பின் நடந்த ஒவ்வொன்றையும் தாங்கள் விளக்கவில்லை என்று ஆய்வாளர்களே கூறியுள்ளார்கள். பனிச்சரிவு நடக்க முடியாது என்ற வாதத்தை மட்டுமே அவர்கள் தகர்த்திருக்கிறார்கள்.

இன்று இத்தகைய பயணம் போகும் நண்பர் குழுக்கள் சாய்வுமானியால் சரிவை அளக்கிறார்கள், பனியில் குழி வெட்டி அடுக்குகளைச் சோதிக்கிறார்கள், ஆபத்தான இடத்தை ஒருவர் பின் ஒருவராகக் கடக்கிறார்கள். ஒவ்வொருவர் மார்பிலும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி இருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, நீண்ட கம்பியால் குத்திப் பார்த்து, மண்வாரியால் தோண்டுவார்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அதன் பிறகு வாய்ப்பு மளமளவென்று குறைகிறது. மீட்புப் படை வரும்வரை காத்திருக்க நேரமில்லை.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு தட்டில் சொரசொரப்பான துணியை இறுக்கமாகக் கட்டுங்கள். அதன் மேல் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குக் கோதுமை மாவைக் கொட்டி, கையால் அழுத்திப் பாளமாக்குங்கள். தட்டின் ஒரு முனையை மெல்ல உயர்த்தி, மாவு சரியும் கோணத்தைப் பாகைமானியால் அளந்து எழுதுங்கள். அடுத்து, துணியின் மேல் முதலில் சீனியை மெல்லிய அடுக்காகத் தூவி, அதன் மேல் அதே கனத்துக்கு மாவை அழுத்தி, மீண்டும் அளங்கள். மூன்றாவது முறை, சீனியும் மாவும் இட்ட பின், சரியும் கோணத்துக்குச் சில பாகை முன்பே தட்டை நிறுத்திக்கொள்ளுங்கள். மாவின் கீழ் விளிம்பை அடிக்கோலால் குறுக்காக வெட்டி எடுங்கள். பிறகு சல்லடையால் மேற்பகுதியில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாவைத் தூவுங்கள். எத்தனை கரண்டி மாவுக்குப் பிறகு சரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். மூன்று விடைகளும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதையும் சராசரிக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.